டீடோட்டல் தெருவில் வீடு எடுக்கும் முன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் வடகரையில் இருக்கும் செயின்ட் ஐவ்ஸுக்கு விடுமுறைக்குப் போகிற நம்மவர்கள் அறை தேடும்போது கண்ணில் படும் முகவரிகளில் ஒன்று 'டீடோட்டல் ஸ்ட்ரீட்'. பார்த்த உடனே வரும் கேள்வி, "அங்கே டீ மட்டும்தான் கிடைக்குமா?" டீக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மதுவை அறவே தொடாதவர் என்பதுதான் சொல்லின் பொருள். குடியை முழுக்க விட்டவர்களின் பெயரைத் தாங்கிய தெரு, படகுத்துறை மதுக்கடையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. அந்தக் கடை 'ஸ்லூப் இன்'. தான் 1312 காலத்தது என்று சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறது.

பெயரை வைத்துச் சிரித்துவிட்டு அறையைப் பதிவு செய்துவிடலாம். ஆனால் அந்தச் சந்துகளின் அமைதிக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. வீடுகள் எதற்காகக் கட்டப்பட்டன, இப்போது அவற்றில் யார் இருக்கிறார்கள் (அல்லது இல்லை) என்பதில்தான் காரணம் இருக்கிறது. அது புரிந்தால் எந்த வீட்டை எடுப்பது, எதைக் கேட்டுக்கொள்வது, எந்த மாதம் போவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

முதலில் பெயர். வட இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் 1832 செப்டம்பரில் ஜோசப் லிவ்ஸி உள்ளிட்ட ஏழு பேர் எந்த மதுவையும் தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதற்கு முந்தைய மதுவிலக்குச் சங்கங்கள் சாராயத்தை மட்டும் விடச் சொல்லி, பீரைக் கண்டுகொள்ளாமல் விட்டவை. மறு வருடம் அதே ஊரில் டிக்கி டர்னர் என்ற தொழிலாளி மேடையில் பேசும்போது இந்தச் சொல்லைச் சொன்னார், அது ஒட்டிக்கொண்டது. அவருக்குத் திக்குவாய், அதனால் 'டோட்டல்' (முழுமையாக) என்ற சொல்லின் முதலெழுத்து 'டீ' இரட்டித்தது என்று ஒரு கதை உண்டு. வலியுறுத்திச் சொல்வதற்காக முதலெழுத்தை இரட்டிப்பது வட்டார வழக்கு என்பதும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் நமக்கு உதவுவது ஆண்டுதான். சொல்லே 1833இல் பரவியது என்றால், தெருவுக்கு அந்தப் பெயர் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. 'பல நூறு ஆண்டுகளாக டீடோட்டல் தெரு' என்று யாராவது விளம்பரம் எழுதினால் அப்படியே தள்ளிவிடலாம். வீடு பழையதாக இருக்கலாம், பெயர் விக்டோரியா ராணி காலத்தைத் தாண்டிப் பெரிதாகப் பின்னே போகாது.

இந்த இயக்கம் கார்ன்வாலில் வேரூன்ற நிலம் தயாராக இருந்தது. மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743இல் செயின்ட் ஐவ்ஸுக்கு வந்தபோது அடிக்க வந்த ஊர், நூறு ஆண்டுக்குள் மெதடிஸ்ட் கோட்டையாக மாறிவிட்டது. மீனவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சேப்பலை (மெதடிஸ்ட் வழிபாட்டுக்கூடம்) மையமாக வைத்து வாழ்ந்தார்கள். அங்கேதான் உரசல் வந்தது. 1841இல் கூடிய வெஸ்லியன் மாநாடு, திருவிருந்தில் வைனுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு வைக்கக் கூடாது, சேப்பல்களில் மதுவிலக்குக் கூட்டம் நடத்தவும் கூடாது என்று தீர்மானம் போட்டது. செயின்ட் ஐவ்ஸில் ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டு பிரிந்துபோய் 'டீடோட்டல் வெஸ்லியன் மெதடிஸ்ட்' என்றே தனிச் சபை கண்டது. மது வேண்டாம் என்பதற்காக வெளியேறி, சொந்தமாகச் சபை நடத்திய ஊர் இது. தெருப் பெயர் யாரோ கிண்டலுக்கு வைத்தது போலத் தெரிவது இன்றைய சுற்றுலாக் கண்ணுக்குத்தான். அன்றைக்கு அது கட்சிக் கொடி.

பக்கத்துச் சந்துகளின் பெயர்களும் இதே ரகம்: சலூப்ரியஸ் பிளேஸ், விர்ஜின் ஸ்ட்ரீட், மவுண்ட் சயான், லவ் லேன், ஃபிஷ் ஸ்ட்ரீட். ஊர் வரலாற்று அருங்காட்சியகம் இருக்கும் இடத்தின் பெயர் வீல் டிரீம். 'வீல்' என்றால் கார்ன்வாலின் சொந்த மொழியான கார்னிஷில் சுரங்கம். மொத்தப் பகுதியையும் ஊர்க்காரர்கள் 'டவுனலாங்' என்பார்கள், மேட்டுப் பக்கம் 'அப்பலாங்'. வழி கேட்கும்போது இந்த இரண்டும் தெரிந்திருந்தால் போதும்.

டவுனலாங் வீடுகள் மனிதர்களைவிட மீனுக்காகக் கட்டப்பட்டவை. பில்ச்சர்டு என்பது நம் மத்தி, சாளைக்கு நெருங்கிய உறவு. கோடை கடைசியில் தொடங்கி இலையுதிர் காலம் வரை கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். குன்றில் காவல் நிற்கும் 'ஹியூயர்' கடலில் செந்நிழல் ஓடுவதைப் பார்த்து "ஹெவ்வா!" என்று கத்துவார். செடிக் கொத்துகளைக் கையில் பிடித்து ஆட்டி, வலைப் படகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மேலிருந்தே காட்டுவார். பிடித்த மீன் கரைக்கு வந்தபின் வேலை முழுக்கப் பெண்கள் கையில். வீட்டின் தரைத்தளம்தான் கிடங்கு. அதை 'செல்லார்' என்பார்கள். தரையில் கல்லுப்பு ஒரு அடுக்கு, அதன் மேல் மீன் ஒரு வரிசை, தலைகள் வெளிப்பக்கம் பார்க்க, மறுபடி உப்பு. இப்படி மார்பளவுக்கு மதில் எழுப்பி ஐந்தாறு வாரம் விட்டுவிடுவார்கள். பிறகு கழுவி, பீப்பாய்க்குச் சுமார் 3,000 மீன் என்று அடுக்குவார்கள்.

அழுத்தும் முறை தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் அதன் தடம் இன்றும் சில சுவர்களில் இருக்கிறது. பீப்பாயின் வாயில் ஒரு மரத்தட்டு. அதன் குறுக்கே நீளமான கம்பு. கம்பின் ஒரு முனை சுவரில் வெட்டிய சதுரக் குழியில் நுழையும். மறுமுனையில் இரும்புக் கொக்கி பதித்த கிரானைட் கல் தொங்கும். கல்லின் பாரத்தில் மீன் இறுகி எண்ணெய் வடியும், தரையில் ஓடும் வாய்க்கால் வழியாகக் குழியில் சேரும், விளக்கெரிக்க விற்கும். மீன் இறங்க இறங்க மேலே புதிதாக நிரப்பி மறுபடி அழுத்துவார்கள். பீப்பாய்கள் இத்தாலிக்குக் கப்பலேறும். கத்தோலிக்கர்களின் நோன்புகால உணவு அது. வாடகை வீட்டின் கீழ்த்தளச் சுவரில், இடுப்பளவு உயரத்தில் ஒரே சீராகச் சதுரக் குழிகள் கண்டால் அது அலங்காரமல்ல, இந்தக் கம்புகளின் இடம். ஊர் வாடை எப்படி இருந்திருக்கும் என்று கேட்க வேண்டாம். மீன் நாற்றத்தில் சர்ச் கடிகாரமே நின்றுவிடும் என்பது பழைய நக்கல்.

மீன் கீழே, மனிதர் மேலே. அதனால்தான் பல வீடுகளுக்கு வெளிப்புறமாகக் கிரானைட் படிக்கட்டு ஏறி முதல் மாடியில் வாசல். செல்லாராக இருந்த தரைத்தளம் இப்போது படுக்கையறையாகவோ சமையலறையாகவோ மாறியிருக்கும். வீடு எடுக்கும்போது வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் புறப்படுகிறது.

வெளிச்சம் முதலில். கிடங்குக்குச் சன்னல் தேவையில்லை. எதிர்வீடு கை நீட்டும் தூரத்தில். எனவே தரைத்தளப் படுக்கையறை என்றால் நண்பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். தூங்க அது நல்லது, குழந்தையை விளையாட விட நல்லதல்ல. அறையின் படத்தில் விளக்கு எரிகிறதா, வெயில் விழுகிறதா என்று பாருங்கள். எல்லாப் படத்திலும் விளக்கு எரிந்தால் விடை கிடைத்துவிட்டது. இருப்பறை மாடியில் இருக்கும் வீடே இந்தப் பகுதியில் உத்தமம். கூரைகளுக்கு மேலே கொஞ்சம் கடலும் தெரியலாம்.

அடுத்தது ஈரம். கடலிலிருந்து வரும் காற்று, அடிக்கடி தூறல், கனத்த கிரானைட் சுவர். இவற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக் குவித்த தளமும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? சுவரில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை பெய்யாத நாளிலும், காற்றில் ஈரம் ஏறினால் அதே இடத்தில் அதே கறை திரும்ப வரும். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் போகாது. பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசிய வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். வாரம் தங்குபவர் செய்யக்கூடியது எளிது: உள்ளே ஈரம் உறிஞ்சும் கருவி இருந்தால் அணைக்காதீர்கள், தொட்டி நிரம்பினால் அது தானாக நின்றுவிடும், தினமும் ஒருமுறை ஊற்றிவிட்டு மறுபடி போடுங்கள். கடலில் நனைந்த வெட்சூட்டை (ரப்பர் நீச்சல் உடை) ஹீட்டர் மேல் காயப்போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்க உங்கள் படுக்கையில்தான் வந்து சேரும். சுவரோடு ஒட்டிய அலமாரியில் துணி வைக்க வேண்டாம்.

படிக்கட்டுகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு. முட்டி வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வாசலுக்கு வெளிப்படி எத்தனை? கழிவறை எந்தத் தளத்தில்? படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே படி உண்டா? 'மூன்று தளம், அழகிய மீனவர் குடில்' என்ற வரி ராத்திரி இரண்டு மணிக்கு என்னவாக மாறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரானைட் சுவர் வைஃபையையும் விழுங்கும். ரவுட்டர் இருக்கும் தளத்தில் மட்டும் வேலை பார்க்க முடியும்.

வாங்கவோ நீண்ட காலத்துக்கு வாடகைக்கு எடுக்கவோ எண்ணம் இருந்தால் இன்னும் இரண்டு விஷயம். ஒன்று ரேடான். கிரானைட்டில் உள்ள யுரேனியம் சிதைந்து வரும், நிறமும் மணமும் இல்லாத வாயு. நாள்பட்டால் நுரையீரல் புற்றுநோய்க்கு வழி. கார்ன்வாலின் பெரும்பகுதி இதற்கான எச்சரிக்கைப் பகுதி. வீட்டுக்குள் கன மீட்டருக்கு 200 பெக்கரெல் என்பதுதான் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு. தபாலில் வரும் இரண்டு சின்ன டப்பிகளை இருப்பறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று மூன்று மாதம் வைத்துத் திருப்பி அனுப்பினால் அளவு தெரிந்துவிடும். ஒரு வார விருந்தாளி இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இன்னொன்று கூரை. இங்கே சின்னச் சின்ன ஸ்லேட் ஓடுகள்தான் மரபு. அவை காற்றில் கழன்றபோது மேலே சிமென்ட் குழம்பை ஊற்றி மெழுகிவிடும் வழக்கம் இருந்தது. வெளிறிய ஒரே தோலாக மூடியிருக்கும் கூரை அப்படிப்பட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கனம் முழுக்கப் பழைய உத்தரங்களின் தலையில் இறங்கும், விரிசல் விட்டால் எந்த இடத்தில் நீர் புகுகிறது என்று கண்டுபிடிப்பதும் பாடு. வாங்குமுன் வீட்டின் நிலையைச் சோதித்துப் பார்க்கிற சர்வேயர் கார்ன்வால்காரராக இருப்பது நல்லது.

சரி, அமைதி. கோடையில் பகல் நேரத்தில் துறைமுகத்தில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு சந்து தள்ளி வந்தால் சத்தம் அறுந்துவிடும். கார் நுழைய முடியாத அகலம் ஒரு காரணம். மற்றது, அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் குறைவு. மீன்பிடி சரிந்தபின் ஓவியர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்க்கச் சுற்றுலா வந்தது, டேட் கலை அருங்காட்சியகத்தின் கிளை 1993இல் திறந்தது, வீட்டு விலை ஊர்க்காரர் கைக்கு எட்டாமல் போனது. நவம்பர் மாதம் மாலை ஆறு மணிக்கு டவுனலாங்கில் நடந்தால் எத்தனை சன்னலில் வெளிச்சம் என்று எண்ணிப் பார்க்கலாம். வீட்டு வாசல்களில் நான்கு எண் பூட்டு வைத்த சின்னச் சாவிப் பெட்டிகள் அதைவிடத் தெளிவான கணக்கு. பெட்டி மாட்டிய வாசல் பெரும்பாலும் வாடகை வீடுதான்.

ஊர் சும்மா இருக்கவில்லை. 2016 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் ஆதரித்து, புதிதாகக் கட்டும் வீடுகளை முழுநேரமாகக் குடியிருப்பவருக்கு மட்டுமே விற்கலாம் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றத்திலும் அது நின்றது. செய்தித்தாள்கள் 'இரண்டாம் வீட்டுக்குத் தடை' என்று எழுதியதால் பலர் ஊர் முழுக்கத் தடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விதி புதுக் கட்டடத்துக்கு மட்டும். டீடோட்டல் தெரு மாதிரி பழைய வீடுகளை அது தொடுவதே இல்லை. இரண்டாம் வீடு தேடியவர்களின் கண், விதிக்குள் வராத பழைய குடில்கள் பக்கம்தான் திரும்பியது. விதி போட்டவர்கள் மேல் குறை சொல்லவில்லை, அவர்கள் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

வரி வேறு கதை. 2025 ஏப்ரல் 1 முதல் கார்ன்வாலில் இரண்டாம் வீட்டுக்குக் கவுன்சில் வரி (உள்ளாட்சி வீட்டு வரி) இரட்டிப்பு. ஆனால் வீட்டை ஆண்டுக்கு 140 நாள் வாடகைக்குத் திறந்து வைத்து, அதில் 70 நாளாவது உண்மையாக வாடகைக்கு விட்டால் அது கவுன்சில் வரியிலிருந்து விலகி வணிகக் கணக்குக்குப் போய்விடும். சின்ன வீடானால் வணிக வரிச் சலுகையில் கட்ட வேண்டியது பூஜ்யமாகவும் ஆகலாம். இதில் விருந்தாளிக்கு ஒரு லாபம் இருக்கிறது. 70 நாளை எட்டாத உரிமையாளர், ஆள் குறைந்த மாதங்களில் விலையைக் குறைக்கத் தயங்கமாட்டார். பிப்ரவரி, மார்ச்சில் மூன்று நான்கு நாள் குறுகிய தங்கலுக்கு நேராகக் கேட்டுப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் முழு வாரத்துக்குக் குறைவாகப் பலர் தரமாட்டார்கள்.

போகும் வழி. லண்டன் பேடிங்டனிலிருந்து பென்சான்ஸ் ரயிலில் ஏறி செயின்ட் எர்த்தில் இறங்கி மாற வேண்டும். சுமார் ஐந்து மணி நேரம். இரவில் கிளம்பிக் காலையில் சேரும் படுக்கை ரயிலும் உண்டு, அதுவும் செயின்ட் எர்த்தில் நிற்கும். அங்கிருந்து செயின்ட் ஐவ்ஸுக்கு 1877இல் திறந்த கிளைப்பாதை, நீளம் 4¼ மைல், கால்மணி நேரம்கூட ஆகாது. வலப்பக்கச் சன்னலில் உட்காருங்கள். ஹெய்ல் கழிமுகமும், பிறகு கார்பிஸ் பே மணலும் அந்தப் பக்கம்தான். 2021 ஜூனில் ஜி7 தலைவர்கள் கூடியது கார்பிஸ் பேயில். நிலையத்திலிருந்து இறங்கித் துறைமுகத்தைச் சுற்றி நடந்தால் டவுனலாங். வழி முழுக்கக் கல் பாவியது. சக்கரப் பெட்டி இழுத்தால் நீங்கள் வருவது தெரு முழுக்கக் கேட்கும். அங்கே நிஜமாகக் குடியிருக்கிற சிலருக்கு வாடகை மாறும் நாளில் காதைக் கெடுப்பது இந்தச் சத்தம்தான். தோளில் மாட்டும் பையே மேல்.

காரில் வருகிறவர்கள் சாட்நாவ் (வழிகாட்டும் கருவி) சொல்வதை ஊர் எல்லையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது வீட்டு வாசல் வரை வழி காட்டும். பாதி தூரத்தில் வீட்டுச் சுவர்கள் கண்ணாடியை உரசும், பின்னால் இன்னொரு கார் நிற்கும், திரும்ப இடமே இருக்காது. துறைமுகப் பக்கம் ஸ்லூப், ஐலண்ட் என்று சின்ன நிறுத்தங்கள் உண்டு, கோடையில் காலையிலேயே நிரம்பிவிடும். சுலபமான முறை: குடும்பத்தையும் மூட்டையையும் கீழே இறக்கிவிட்டு ஒருவர் மட்டும் காரை மேட்டில் இருக்கும் ட்ரென்வித் நிறுத்தத்துக்குக் கொண்டுபோவது. இறங்கி வருவது பத்துப் பதினைந்து நிமிட நடை. ஏறும்போது அதே தூரம் வேறு தூரம். அல்லது காரை செயின்ட் எர்த் நிலையத்திலேயே விட்டுவிட்டு ரயிலில் வாருங்கள். ஒருநாள் பயணத்துக்கு அதை அடித்துக்கொள்ள வேறு வழியில்லை.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. 2011 முதல் 'கார்னிஷ் பேஸ்டி' (உள்ளே கறி பொதிந்து சுட்ட மாவுப் பண்டம்) என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் உள்ளே மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு கிழங்கு இருக்க வேண்டும், ஓரம் பக்கவாட்டில் முறுக்கியிருக்க வேண்டும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் பெயரைக் கேட்டு ஏமாறாமல் 'சீஸ் அண்ட் ஆனியன்' என்று தனியாகக் கேட்கவும். பல கடைகளில் கிடைக்கும். ஸ்வீடை அங்கே 'டர்னிப்' என்றும் சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

வாங்கியதைத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து தின்றால் சீகல் (கடற்காக்கை) பறித்துக்கொண்டு போகும். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, பின்பக்கமிருந்து சத்தமில்லாமல் வரும். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் கார்ன்வால் கடற்கரை ஊர்களில் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நேராக முறைத்துப் பார்த்தால் சீகல் உணவை அணுகச் சராசரியாக 21 வினாடி கூடுதலாகத் தயங்கியது. சுவருக்கு முதுகு கொடுத்து உட்காருங்கள், பையை மடக்கிக் கையில் வையுங்கள், மேலே நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள். குப்பைக்கும் இதே பகை. சாதாரண பிளாஸ்டிக் பையை முந்தின இரவே வாசலில் வைத்தால் விடியும்போது மீன் எலும்பும் டயப்பரும் தெரு முழுக்க. கொத்தினாலும் கிழியாத தடித்த பையோ மூடியுள்ள தொட்டியோ வீட்டில் இருக்கும். குப்பை எடுப்பது எந்த நாள், எத்தனை மணிக்கு என்று வந்த அன்றே கேட்டு எழுதிவைக்கவும்.

பெயர்ப் பலகையோடு படம் எடுக்காமல் யாரும் வரப்போவதில்லை. எடுங்கள். ஆனால் அந்தத் தெருக்களில் முற்றமோ வேலியோ கிடையாது, சன்னல் நேராக உங்கள் முகத்துக்கு எதிரே. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது மரியாதை. சில தெருக்களில் பலகையில் கீழே இன்னொரு மொழி இருக்கும். அது வெல்ஷ் அல்ல, கார்னிஷ். பலகை பழுதாகி மாற்றும்போது கார்னிஷிலும் சேர்த்து எழுதுவது 2009 முதல் கவுன்சிலின் கொள்கை. அதனால்தான் பழைய பலகை ஒரு மொழியிலும் புதியது இரு மொழியிலும் கலந்து காணப்படும்.

பெயரின் வரலாற்றை மேலும் கிண்ட விரும்புகிறவர்களுக்கு: வாடகை விளம்பரங்களையும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதும் பயணக் குறிப்புகளையும் ஒதுக்கிவைத்துவிட்டு மக்கள்தொகைப் பதிவிலிருந்து தொடங்குங்கள். 1841 தொடங்கிப் பத்தாண்டுக்கொருமுறை தெருவாரியாகப் பெயர்கள் இருக்கும். 1921 வரை பொதுப் பார்வைக்கு வந்துவிட்டது. எந்தப் பதிவில் தெருப் பெயர் முதலில் தலைகாட்டுகிறது என்று பின்னோக்கிப் போக வேண்டும், முன்னோக்கி அல்ல. ஏனென்றால் பெயர் மாறியிருந்தால், தெரிந்த குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால்தான் பழைய பெயர் அகப்படும். 1841 பதிவில் குடும்ப உறவுமுறை கிடையாது, பெரியவர்களின் வயதைக் கீழ்நோக்கி ஐந்தின் மடங்காகத் திருத்தியிருப்பார்கள். அதில் ஆளை அடையாளம் காண்பது சிரமம், 1851 பரவாயில்லை. கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டும் மாறும். கையோடு, மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசம், அங்கே இங்கிலாந்துப் படங்களும் உண்டு. வீட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், எண்கள் இடையில் மாறுவது சகஜம்.

மூல ஆவணத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ரெட்ரூத்தில் உள்ள கிரெசன் கெர்னோ காப்பகத்துக்குப் போக வேண்டும். ஆவண எண்ணை இணையத்தில் பார்த்து, முன்கூட்டியே பதிவு செய்து, பென்சிலோடு போங்கள். பேனா இத்தகைய இடங்களில் ஆகாது. மெதடிஸ்ட் சபைப் பதிவேடுகளையும் அங்கேதான் தேட வேண்டும். 2019இல் திறந்த அந்தக் கட்டடம் முன்னாளில் ரெட்ரூத்தின் பீர் ஆலை. டீடோட்டல் சபைக்காரர்கள் எழுந்து வந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

வீடுகள் பாதி காலியாகக் கிடக்கும் ஊரில் ஊர்க்காரர்கள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டை விட்டுவிட்டுப் பிப்ரவரியில் போங்கள். ஊரின் புனிதரான இயாவின் திருநாள் பிப்ரவரி 3. அதையொட்டி வரும் 'ஃபீஸ்ட் மண்டே'யன்று காலை பத்தரைக்கு மேயர் சர்ச் சுவரிலிருந்து வெள்ளிப் பந்தைக் கூட்டத்துக்குள் வீசுவார். பிள்ளைகள் தெருவிலும் மணலிலும் கைமாற்றிக் கைமாற்றி ஓடுவார்கள். பகல் பன்னிரண்டு அடிக்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் அதை கில்ட்ஹாலில் (ஊர் மன்றக் கட்டடம்) மேயரிடம் கொடுத்து வெள்ளி நாணயம் வாங்கிக்கொள்வார். மாடத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சில்லறையும் வீசுவார்கள். அறை அந்த வாரம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் பல சாத்தியிருக்கும், எனவே சமையலறை உள்ள வீடாக எடுங்கள். அரிசியும் பருப்பும் காரிலேயே வரட்டும்.